"லாஸ் லைட் எரியுதாம்மா?"

குழித்தறியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மாள், கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த நாடாவைக் கீழே வைக்காமலே பேசினார். மறுமுனையில் சேவை மையத்துப் பெண்.

"பாக்ஸ்ல லாஸ் லைட் எரியுதாம்மா?"

"லாஸா? ரெண்டு நாளா எங்களுக்கு லாஸ்தான் தாயி. பார்ட்டிக்குப் போட்டோ அனுப்ப முடியல. வேற கலர்ல ஒண்ணு கேட்டாங்க, அதையும் காட்ட முடியல."

மறுமுனை சற்றுத் தயங்கிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டது. இவரும் அதே பதிலை மறுபடி சொன்னார். மூன்றாவது சுற்றில் லைன் துண்டித்துக்கொண்டது. "அவங்க இன்னா கேக்குறாங்கன்னே வெளங்கல சார்" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மிதியை அழுத்தி நாடாவைத் தட்டினார்.

ஆரணிக்குத் தெற்கே, திருவண்ணாமலை மாவட்டத்துச் சேத்துப்பட்டு இது. ஆரணி, தேவிகாபுரம், ஒண்ணுபுரம் என்று இந்த வட்டாரம் முழுக்கப் பட்டுத் தறி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இந்த ஊர்களின் வீடுகளிலிருந்துதான் போகிறது. நான் உட்கார்ந்திருந்த வீட்டில் தெருக் கம்பத்திலிருந்து கறுப்பு வயர் ஒன்று இறங்கி, ஜன்னல் வழியாக நுழைந்து, ஜக்கார்டு பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் மாட்டிய வெள்ளைப் பெட்டியில் முடிந்தது. பெட்டியின் முகப்பில் கடுகளவு சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அதன் கீழே மூன்று ஆங்கில எழுத்துகள்: எல், ஓ, எஸ். "லாஸ் ஆஃப் சிக்னல்" என்பதன் சுருக்கம். ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

மாதம் தவறாமல் பணம் கட்டுகிறவருக்கு இந்த ஒரு வரியைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு அது உறுத்தியது. இந்தத் தொழில்நுட்பம் தமிழ்நாட்டில் யாருக்கு எளிதில் விளங்கும் என்று கேட்டால், நான் முதலில் நெசவாளர்களைத்தான் கைகாட்டுவேன். இதில் உள்ள சங்கதி பாதிக்கு மேல் அவர்கள் கையில் தினமும் புழங்குவது.

புழு விடும் இழை, கண்ணாடி இழை

கறுப்பு வயர் என்றேனே, அதற்குள் செம்பு கிடையாது. இழுவை தாங்க இரும்புக் கம்பி இருக்கும். நடுவில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடி இழை. அதன் மொத்தத் தடிமன் 125 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதிலும் ஒளி ஓடுவது நடுத்தண்டில் மட்டும்தான். அந்தத் தண்டு சுமார் 9 மைக்ரான். பட்டுப்புழு கூடு கட்டும்போது இரண்டு இழைகளை ஒரே நேரத்தில் விட்டு, பசையால் ஒட்டிக்கொண்டே போகும். அந்த இரண்டில் ஒன்றைத் தனியே பிரித்தால் ஏறக்குறைய 10 மைக்ரான் இருக்கும். புழு விடும் ஒற்றை இழையின் பருமனில்தான் உங்கள் வீட்டுக்கு இணையம் வருகிறது.

வளைந்து நெளிந்து போகும் கண்ணாடிக்குள் ஒளி ஏன் வெளியே சிந்துவதில்லை? கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்குத் தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து நேராக மேலே பார்த்தால் வானம் தெரியும். சாய்வாகப் பார்த்தால் வானம் தெரியாது, தண்ணீரின் மேற்பரப்பே கண்ணாடிபோல் மின்னி, கிணற்றுச் சுவரைக் காட்டும். சாய்வாகப் போகிற ஒளியை மேற்பரப்பு வெளியே விடாமல் உள்ளேயே திருப்பி அனுப்புகிறது. இழைக்குள்ளும் நடப்பது அதுவே. நடுத்தண்டு ஒரு வகைக் கண்ணாடி, சுற்றியிருக்கும் உறை சற்றே வேறு வகை. இரண்டும் சேரும் இடத்தில் ஒளி முட்டி முட்டி உள்ளேயே ஓடுகிறது. இழையை ரொம்பவும் ஒடித்து வளைத்தால் சாய்வு மாறி, ஒளி வெளியே கசியும். வீட்டில் மிச்சமாகத் தொங்கும் ஃபைபரை ஆணியில் இறுக்கிச் சுற்றி வைக்காதீர்கள் என்பது இதனால்தான்.

பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி 1950-களில் லண்டனில் கண்ணாடி இழைக் கட்டு வழியாக ஒரு படத்தையே கடத்திக் காட்டினார். ஆனால் அன்றைய கண்ணாடியில் ஒளி சில மீட்டரிலேயே மங்கிவிடும். ஷாங்காயில் பிறந்து இங்கிலாந்தில் வேலை பார்த்த சார்லஸ் காவ் 1966-ல் ஒன்றைச் சொன்னார்: குற்றம் கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் அழுக்கில் இருக்கிறது. சுத்தமான கண்ணாடி செய்தால் ஒளி கிலோமீட்டர் கணக்கில் போகும். நான்கே ஆண்டில், 1970-ல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படி ஒரு இழையை இழுத்துக் காட்டியது. காவுக்கு நோபல் பரிசு வர 2009 ஆயிற்று. இன்று 15 கிலோமீட்டர் போன பிறகும் இழையில் பாதி ஒளி மிச்சம் இருக்கிறது.

மறுநாள் காலை லைன்மேன் தம்பி வந்தார். தெருமுனையில் குழாய் பதிக்கத் தோண்டிய பள்ளத்தில் கேபிள் அறுந்திருந்தது. உள்ளே நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று வண்ணம் பூசிய இழைகள். பன்னிரண்டு வண்ணம், வரிசை மாறாது. "வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் சார்" என்றார். பள்ளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு முனையிலும் வண்ணத்தோலை உரித்தார். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தார். வெட்டுக் கருவியில் வைத்து ஒரே வெட்டு. முனை சதுரமாக, சில்லு சிதறாமல் நிற்க வேண்டும். பிறகு இரண்டையும் ஸ்ப்ளைசிங் மெஷினுக்குள் எதிரெதிரே வைத்து மூடினார். சின்னத் திரையில் இரண்டு தூண்கள் மெல்ல நகர்ந்து நேர்க்கோட்டில் வந்தன. சட்டென ஒரு மின்பொறி. இரண்டு கண்ணாடியும் உருகி ஒன்றாயின. திரையில் 0.02 என்று விழுந்தது. ஒட்டில் இழந்த ஒளியின் அளவு அது.

அந்த அம்மாள் தறியை விட்டு எழுந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது பாவு பிணைக்கிற வேலதான்" என்றார். தறியில் பழைய பாவு தீரும்போது, புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய இழையோடு சேர்த்து, சாம்பல் தொட்ட விரலால் முறுக்கி இணைக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. ஒன்று மாறினால் புடவை முழுக்கக் கோடு விழும். தம்பி நிமிர்ந்து பார்த்து, "நீங்க செய்யறது கஷ்டம்க்கா, எனக்கு மெஷின் செய்யுது" என்றார். இரண்டு தொழிலாளிகள் ஒருவர் வேலையை ஒருவர் அடையாளம் கண்டுகொண்ட அந்த நிமிடத்துக்காகவே நான் சேத்துப்பட்டுக்கு வந்தது நல்லதென்று நினைத்தேன்.

வீட்டுப் பெட்டியில் மீட்டரைச் செருகியபோது "மைனஸ் 21" காட்டியது. இது வந்து சேரும் ஒளியின் பலம். மைனஸ் 10 என்றால் ஒரு மில்லிவாட்டில் பத்தில் ஒரு பங்கு, மைனஸ் 20 என்றால் நூறில் ஒரு பங்கு. மூன்று எண் இறங்கினால் ஒளி பாதியாகும். மைனஸ் 27 வரை பெட்டி தாக்குப்பிடிக்கும். அதற்குக் கீழே போனால் இணைப்பு வந்து வந்து போகும். லைன்மேன் வரும்போது "பவர் எவ்வளவு காட்டுது?" என்று கேட்டு, அந்த எண்ணைச் சுவரிலேயே எழுதி வையுங்கள். அடுத்த முறை பழுதாகும்போது ஒப்பிட அது ஒன்றே போதும்.

இவ்வளவு மங்கலாக வருவதற்கு ஒரு காரணம் கம்பத்துப் பெட்டியில் இருக்கும் ஸ்ப்ளிட்டர். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஓர் இழையில் வரும் ஒளியை அது பெரும்பாலும் 32 வீடுகளுக்குப் பங்கு வைக்கிறது. அதற்குக் கரன்ட் வேண்டாம், வெறும் கண்ணாடிதான். இரவு எட்டு மணிக்குப் பல வீடுகளிலும் ஒரே நேரத்தில் சீரியல் ஓடினால் வேகம் குறையலாம் என்பதும் இந்தப் பங்கீட்டில் வருவதே.

ஒரு அட்டைக்கு 30 பைட்

"100 எம்பி பிளான்னு சொன்னாங்க, 12-க்கு மேல காட்ட மாட்டேங்குது" என்ற புகாரை இந்த ஊரில் இரண்டு வீட்டில் கேட்டேன். ஏமாற்றியதாக நினைக்கிறார்கள். இங்கே சிக்கல் பிட், பைட் என்ற இரண்டு சொல்லில்.

தலைக்கு மேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டியைப் பாருங்கள். பிரான்சின் லியோன் நகரத்து ஜக்கார்டு 1804-ல் இந்த அமைப்பைச் செய்தார். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊக்கு எழும்பிப் பாவு இழையைத் தூக்கும், துளை இல்லாத இடத்தில் தூக்காது. துளை உண்டா, இல்லையா, அதுதான் ஒரு பிட். கம்ப்யூட்டரின் ஒன்றும் பூஜ்யமும் இதுவே. எட்டுத் துளையிடம் சேர்ந்தால் ஒரு பைட். 240 ஊக்கு உள்ள பெட்டியில் ஒரு அட்டை 30 பைட். முந்திக்கு ஆயிரம் அட்டை கட்டினால் 30 ஆயிரம் பைட். கோர்த்துத் தொங்கவிட்ட அந்த அட்டை மாலை முழுவதும், கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் கால்வாசிக்குக்கூட வராது.

கம்பெனிக்காரர்கள் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். இறக்கும் கோப்பின் அளவைக் கைபேசி பைட்டில் காட்டுகிறது. 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5. ஆக 12 காட்டினால் சரியாகத்தான் வருகிறது. அட்டைக் கணக்கில் சொன்னால் நொடிக்கு நான்கு லட்சம் அட்டைக்கு மேல். ஆனால் விளம்பரத்தில் "எம்பி" என்று மொட்டையாகப் போட்டுவிட்டு, எந்த எம்பி என்று சொல்லாமல் விடுவது நியாயமில்லை. விற்கிறவர்கள் விளக்க வேண்டிய விஷயம் இது.

வேகத்திலேயே இன்னொரு பிரிவு உண்டு. பாண்ட்விட்த் என்பது பாவின் அகலம், ஒரே நேரத்தில் எத்தனை இழை ஓடுகிறது என்பது. லேட்டன்சி என்பது நாடா ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போய்ச்சேர எடுக்கும் நேரம். போய்த் திரும்பும் நேரத்தைப் 'பிங்' என்கிறார்கள். பாவு எவ்வளவு அகலமாக இருந்தாலும் நாடா தாமதித்தால் பேச்சு தடுமாறும். வீடியோவில் புடவை காட்டி விற்கிறவர்களுக்குக் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி விழுவதற்குப் பெரும்பாலும் பிங்தான் காரணம். அவர்கள் பிளான் வாங்கும்போது டவுன்லோடை மட்டும் பார்க்கக் கூடாது, அப்லோடு எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். படம் பார்க்கிறவருக்கு இறங்குவது முக்கியம். புடவை காட்டுகிறவருக்கு ஏறுவது முக்கியம்.

வாட்ஸ்அப்பில் படம் சாதாரணமாகப் போகும்போது சுருக்கப்பட்டே போகிறது. சரிகையின் நுணுக்கமும் கலரின் சாயையும் அங்கேயே பாதி போய்விடும். அதே படத்தை 'டாகுமென்ட்' என்று இணைத்து அனுப்பினால் எடுத்தது எடுத்தபடி போய்ச்சேரும். "படத்துல ஒரு கலர், கையில ஒரு கலர்" என்று திரும்பி வரும் புடவைகளில் சிலவற்றையாவது இதனால் தடுக்கலாம்.

பொட்டலம்

எஸ்டிடி பூத்தில் வரிசையில் நின்ற தலைமுறைக்குப் பழைய டெலிபோன் எப்படி வேலை செய்தது என்று சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் பேசி முடிக்கும்வரை ஒரு பாதை முழுக்க உங்களுக்கே. நீங்கள் மூச்சு வாங்கினாலும் அந்தப் பாதை சும்மாக் கிடக்கும், வேறு யாரும் புழங்க முடியாது. இணையத்தின் அடிப்படையே இதை மாற்றியதுதான். ஒரு புடவைப் படம் 5 எம்பி என்றால் அது முழுசாகப் போவதில்லை. ஏறக்குறைய 1,500 பைட் கொண்ட துண்டுகளாக, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துண்டாக உடைந்து போகிறது. ஒவ்வொன்றின் தலையிலும் அனுப்புநர், பெறுநர், வரிசை எண் மூன்றும் எழுதியிருக்கும். ஒன்று ஒரு வழியாகப் போகலாம், அடுத்தது வேறு வழியாகப் போகலாம். போய்ச்சேரும் இடத்தில் எண்ணைப் பார்த்து அடுக்குவார்கள். எண் விட்டுப்போனால் "ஆயிரத்துப் பதினேழு வரவில்லை, திரும்ப அனுப்பு" என்று தகவல் வரும். வழியில் நின்று முகவரியைப் படித்து "நீ இந்தப் பக்கம் போ" என்று திருப்பிவிடுகிற பெட்டிதான் ரவுட்டர். தமிழில் 'திசைவி' என்று வைத்திருக்கிறார்கள், பொருத்தமான பெயர்.

அந்தத் துண்டுக்குப் 'பாக்கெட்' என்று பேர் வைத்தவர் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இருந்த டொனால்டு டேவிஸ். அது 1960-களின் நடுவில். அமெரிக்காவில் பால் பரன் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே இதே யோசனைக்கு வந்திருந்தார். டேவிஸ் ஒரு மொழியியலாளரைக் கேட்டு, பிற மொழிகளுக்கு எளிதாகக் கொண்டுபோகக்கூடிய சொல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. இன்னொரு மொழிக்காரருக்கும் இது புரிய வேண்டுமே என்று அன்றைக்கே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். அவர் நினைத்ததற்குத் தமிழ் தயாராக இருந்தது: பொட்டலம். கடலை மடித்துக் கொடுக்கிற அதே பொட்டலம். கலைச்சொல் அகராதிகள் 'பொதி' என்று எழுதுகின்றன. தவறில்லை. ஆனால் பொட்டலம் என்றால் விளக்கமே தேவைப்படாது.

முகவரிக்கு வருவோம். தமிழ்நாட்டில் சேத்துப்பட்டு இரண்டு. ஒன்று இது. இன்னொன்று எழும்பூருக்கும் நுங்கம்பாக்கத்துக்கும் நடுவில் ரயில் நிலையம் உள்ள சென்னைச் சேத்துப்பட்டு. பார்சலில் ஊர்ப் பெயரை மட்டும் எழுதினால் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. 606801 என்று எழுதினால் இங்கே வரும். 600031 என்றால் சென்னைக்குப் போகும். பெயர் மனிதருக்கு, எண் தபாலுக்கு. இணையத்திலும் அப்படியே. நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டுகிறோம். இயந்திரங்களுக்குப் பெயர் தெரியாது, ஐபி முகவரி என்ற எண்தான் தெரியும். பெயரைச் சொன்னால் எண்ணை எடுத்துக் கொடுக்கும் ஏற்பாட்டுக்கு டிஎன்எஸ் என்று பெயர். 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வகுத்தது. வாட்ஸ்அப் வேலை செய்கிறது, ஆனால் எந்தத் தளமும் திறக்கவில்லை என்றால் இழை அறுந்திருக்க வாய்ப்பில்லை. பெயரிலிருந்து எண் எடுக்கும் இடத்தில் கோளாறாக இருக்கலாம். பழைய ஐபி எண்கள் மொத்தம் சுமார் 430 கோடிதான். கையிருப்பு 2011-ல் தீர்ந்துவிட்டது. அதனால்தான் ஐபிவி6 என்ற நீண்ட எண்களுக்கு நாடுகள் மாறிவருகின்றன.

இந்தத் தறி வீட்டிலிருந்து சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்குப் படம் போகிறது என்று வையுங்கள். பொட்டலம் தெருக் கம்பம் ஏறி, எக்ஸ்சேஞ்சு தாண்டி, சென்னை போய்ச் சேர்கிறது. அங்கே கடற்கரையில் கேபிள் நிலையம். 2002-ல் போட்ட ஐ2ஐ கடலடிக் கேபிள் சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு 3,200 கிலோமீட்டர். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். கடலைத் தாண்ட நொடியில் அறுபதில் ஒரு பங்கு போதும். வெளிநாட்டுப் பேச்சு என்றாலே சாட்டிலைட் என்று நினைக்கிறோம். உண்மையில் கண்டங்களுக்கு இடையிலான இணையத்தில் மிகப் பெரும்பகுதி கடலடி இழையில்தான் போகிறது. பூமியோடு சேர்ந்து சுற்றும் தொலைத்தொடர்புச் சாட்டிலைட் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏறி இறங்கவே கால் நொடி ஆகிவிடும். அந்தமானில் இருப்பவர்கள் அந்தக் கால் நொடியோடும் குறுகிய வேகத்தோடும் பல ஆண்டுகள் காலம் தள்ளினார்கள். 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்ட பிறகே நிலைமை மாறியது.

டவர் சங்கதி எல்லோரும் பேசுவதுதான், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரை அறை அறையாகப் பிரித்து அறைக்கு ஒரு டவர். அறைதான் 'செல்'. பேருந்தில் ஆரணிக்குப் போகும்போது உங்கள் பேச்சை ஒரு டவர் அடுத்த டவரிடம் கைமாற்றிக்கொண்டே போகிறது. கைமாறும் இடத்தில் பிசகினால் கால் கட் ஆகும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை தூரம் போகும், சுவரையும் ஊடுருவும். 5ஜிக்குப் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸ் அலை நிறையச் சுமக்கும், ஆனால் கிட்டத்தில் மட்டும். திருவிழா மைக்செட்டைத் தொலைவிலிருந்து கேட்டால் டம் டம் என்ற அடி மட்டும் வரும், பாட்டின் வரி வராது அல்லவா? அதே கதை. வீட்டு வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு பெயர் தெரிவதும் இதனால்தான். பெட்டி இருக்கும் அறையில் 5, பின்கட்டில் 2.4. இந்த அலைகளின் தொகுப்புக்கு 'அலைக்கற்றை' என்று அழகான தமிழ்ப் பெயர் இருக்கிறது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்த நாட்களில் அது டீக்கடை வரை வந்தது. ஒரு தொழில்நுட்பச் சொல் நாளிதழ்களில் வந்துகொண்டே இருந்தால் மக்கள் வாயில் தானாகவே ஏறும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேட்டு வாங்க வேண்டியது

கிராம ஊராட்சிகளை இழையால் இணைக்க மத்திய அரசு 2011-ல் ஒப்புதல் கொடுத்த திட்டம் இன்று பாரத்நெட். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை கொண்டுபோகும் பொறுப்பு மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம். உங்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு இழை வந்திருக்கிறதா, அதிலிருந்து இணைப்பு கிடைக்குமா என்று கிராம சபையில் கேட்கலாம். கேட்க வேண்டும்.

பிராட்பேண்ட் என்ற பெயரில் விற்கும் எதுவும் குறைந்தது 2 எம்பிபிஎஸ் இறங்குவேகம் தர வேண்டும் என்று 2023 ஜனவரியில் அரசு வரையறுத்திருக்கிறது. அதற்கு முன் அது 512 கேபிபிஎஸ்தான். 'அன்லிமிடெட்' என்று எழுதிய பிளானிலும் எஃப்யூபி என்ற வரம்பு இருக்கலாம். அந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எத்தனை ஜிபியில் குறையும், எவ்வளவாகக் குறையும் என்ற இரண்டு கேள்வியையும் பணம் கட்டும் முன்பே கேளுங்கள். புகார் சொன்னால் டாக்கெட் நம்பர் தரச் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் கையில் இருந்தால், தீர்வு சரியில்லாதபோது அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். எண் இல்லாமல் போனால் நீங்கள் சொன்னதற்குச் சாட்சி இல்லை.

நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்து அந்த அம்மாளிடமிருந்து கால் வந்தது. புடவைக் கலர் பற்றித்தான் முதலில் பேசினார். மறுபடி லைன் போய்விட்டதாம், சேவை மையத்துக்குப் பேசினாராம். இன்னா சொன்னீங்க என்றேன். அப்படியே ஒப்பித்தார்:

"லாஸ் லைட் செவப்பா எரியுதும்மா, நேத்து சாயங்காலத்துலேர்ந்து. போன தபா மைனஸ் 21 இருந்திச்சி. ஃபைபர்தான் எங்கயோ அறுந்திருக்குது, ஸ்ப்ளைசிங் மெஷினோட ஆள அனுப்புங்க. டாக்கெட் நம்பரச் சொல்லு தாயி, எழுதிக்கறேன்."